நிலையான விலை, நகராத தேதி: அஜைலா, வாட்டர்ஃபாலா, இரண்டும் கலந்தா?

பலகணி (கேள்வி)

வணக்கம். 12 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சரக்கிருப்பு, பில்லிங் மென்பொருள் ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் புராஜெக்ட். விலை நிலையானது. காலம் 10 மாதம். நிதியாண்டின் முதல் நாளில் கோ-லைவ் (புதிய சிஸ்டம் பயன்பாட்டுக்கு வருவது), அந்தத் தேதி நகராது. அணியில் 8 டெவலப்பர்கள், 2 டெஸ்டர்கள், ஒரு பிசினஸ் அனலிஸ்ட், ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு புராஜெக்ட் மேனேஜர்.

செய்ய வேண்டியவை: பழைய டேட்டாபேஸிலிருந்து தரவு மாற்றம், வெளி சிஸ்டங்களோடு 6 இணைப்புகள், சுமார் 70 திரைகள், 40 ரிப்போர்ட்கள், பிறகு வரி, தள்ளுபடி, விலைப்பட்டியல் கணக்கு விதிகள்.

வாடிக்கையாளர் தரப்பு முதலில் முழு எஸ்ஆர்எஸ் (தேவைகளை விவரிக்கும்) ஆவணம் கேட்கிறது. அதில் கையெழுத்தான பிறகுதான் முதல் தவணை. அதே மூச்சில் "அஜைல் முறையில் செய்யுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ காட்டுங்கள்" என்றும் சொல்கிறார்கள், அதாவது சிறு சுற்றுகளாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போவது. எங்கள் நிர்வாகம் "ஹைப்ரிட்" (இரண்டும் கலந்தது) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. அந்த வார்த்தைக்கு அன்றாட வேலையில் என்ன பொருள் என்று யாரும் சொல்லவில்லை.

என் சந்தேகங்கள் மூன்று. எந்தப் பகுதியை எந்த முறையில் செய்வது? விலை நிலையாக இருக்கும்போது நடுவில் வரும் மாற்றங்களை எப்படிக் கையாள்வது? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? பாடப்புத்தக விளக்கம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

---

கீழ்வரிசை

இது வாட்டர்ஃபாலுக்கு (முழுவதையும் முன்பே திட்டமிட்டுக் கட்டம் கட்டமாகச் செய்வதற்கு) என்றே அமைந்த புராஜெக்ட். பழைய சிஸ்டம் கண்ணெதிரே ஓடுகிறது, என்ன வேண்டும் என்பது தெரிந்த விஷயம். தேதி நகராது. வெளியே 6 தரப்புகள் இருக்கின்றன, உங்கள் ஸ்பிரிண்ட் (இரண்டு வாரச் சுற்று) காலண்டர் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்களில் ஒருவர் தன் டெஸ்ட் சர்வரை ஐந்தாம் மாதம்தான் திறப்பார் என்றால், அதை இன்றே கான்ட் சார்ட்டில் (வேலைகளின் கால வரைபடம்) போட்டு, அதற்குப் பின்னால் காத்திருக்கும் வேலைகளையெல்லாம் அதோடு கோத்துவிட வேண்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது கிரிட்டிக்கல் பாத்தை, அதாவது முழுக் காலத்தையும் தீர்மானிக்கும் மிக நீளமான வேலைச் சங்கிலியைக் கண்டுபிடிப்பது. இந்த வகைப் புராஜெக்ட்களில் அது கோடிங் வழியாகப் போவதே அரிது. இணைப்புகளுக்கான அனுமதி, சான்றிதழ், ஃபயர்வால் திறப்பு, டெஸ்ட் தரவு என்ற சங்கிலிதான் பெரும்பாலும் நீளமானது. ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பீடு வாங்குங்கள்: எல்லாம் சரியாகப் போனால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். 5 நாள், 8 நாள், 23 நாள் என்று வந்தால் 5 + (4 × 8) + 23 = 60, அதை 6-ஆல் வகுத்தால் 10 நாள். "8 நாள்" என்று திட்டத்தில் எழுதியவருக்கு ஒவ்வொரு வரியிலும் 2 நாள் கசிகிறது. 1958-இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்த பெர்ட் கணக்குதான் இது. பழையது என்பதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை.

திட்டமே போடாமல் தினம் 15 நிமிடம் நின்று பேசுவதற்கு அஜைல் என்று பெயர் வைப்பவர்களிடமிருந்து மட்டும் தள்ளி இருங்கள்.

---

மூன்றாம்_சுற்று

கிரிட்டிக்கல் பாத் பற்றிக் கீழ்வரிசை சொன்னதில் மறுபேச்சே இல்லை. "என்ன வேண்டும் என்பது தெரிந்த விஷயம்" என்ற இடத்தில்தான் இடிக்கிறது.

பழைய சிஸ்டத்தை மாற்றும் வேலையில் ஆகப் பெரிய பொறி "இப்போது இருப்பதெல்லாம் அப்படியே வேண்டும்" என்ற ஒற்றை வரித் தேவை. 12 ஆண்டு ஒட்டுப்போட்ட சிஸ்டத்தில் என்ன இருக்கிறது என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது. பாதி விதிகள் ஸ்டோர்டு புரொசீஜருக்குள் (டேட்டாபேஸிலேயே எழுதி வைத்த நிரல்) கிடக்கும், எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஒரு திரையில் "குறிப்பு" என்ற கட்டத்தை ஊழியர்கள் வேறு எதற்கோ பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் எஸ்ஆர்எஸ் கூட்டத்தில் வெளியே வராது. ஓடுகிற திரையைக் கையில் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் வரும்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. வாட்டர்ஃபாலின் தந்தை என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையில் அந்தச் சொல்லே கிடையாது. படிப்படியான படத்தை வரைந்துவிட்டு, இப்படியே நேராகப் போனால் ஆபத்து, தோல்வியை அழைப்பதாகும் என்றுதான் அவர் எழுதினார். முதலில் ஒரு சிறிய முன்னோட்டத்தைக் கட்டிப் பார்க்கவும் சொன்னார். மறுபக்கம், 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கையெழுத்திட்ட அஜைல் அறிக்கையில் ஸ்பிரிண்டும் இல்லை, ஸ்டாண்டப்பும் இல்லை. ஆவணம் வேண்டாம் என்றும் அதில் எங்கும் சொல்லவில்லை. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரநிலைகூடக் குறிப்பிட்ட ஒரு வாழ்க்கைச் சுழற்சியைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது கேட்பது ஆவணங்களும் தடங்களும். எனவே கலப்பதில் பாவம் ஒன்றுமில்லை. எதை எங்கே கலக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நடைமுறையில் வேறுபாடு இதுதான்: மரபு முறையில் (வாட்டர்ஃபால்) வேலையின் அளவைப் பூட்டிவிட்டுக் காலத்தையும் செலவையும் மதிப்பிடுகிறோம். அஜைலில் காலத்தையும் ஆட்களையும் பூட்டிவிட்டு அளவை நகர விடுகிறோம். உங்கள் ஒப்பந்தம் மூன்றையும் பூட்டியிருக்கிறது. அப்படியே விட்டால் நகரப்போவது தரம் மட்டுமே, வேறு இடம் இல்லை. இதை எந்த முறையாலும் சரிசெய்ய முடியாது, ஒப்பந்தத்தில்தான் சரிசெய்ய வேண்டும். அதை அடுத்து யாராவது எழுதுவார்கள் என்று விட்டுவிட்டுப் பகுதிகளுக்கு வருகிறேன். பிற்பாடு மாற்றினால் எவ்வளவு செலவு, இப்போது எவ்வளவு தெரியாது என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்.

இணைப்புகள்: தாமதமாக மாற்றினால் இரு தரப்புக்கும் செலவு. இவை மரபு முறையில் போகட்டும். 6-ஆம் வாரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் விவரக்குறிப்பை உறைய வையுங்கள். புலங்களின் பெயர், வகை, நீளம் மட்டும் போதாது. பிழைக் குறியீடுகள், டைம்அவுட் எத்தனை விநாடி, ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் என்ன செய்வது, மறுமுனை விழுந்திருந்தால் எத்தனை முறை மறுமுயற்சி என்பவையும் அதில் இருக்க வேண்டும். கோ-லைவ் அன்று வெடிப்பவை இந்தப் பின் நான்குதான். விவரக்குறிப்பு உறைந்த அன்றே போலிச் சர்வர் ஒன்றை எழுதி வைத்தால், உண்மையான டெஸ்ட் சர்வர் ஐந்தாம் மாதம் வந்தாலும் அணி நிற்காது.

தரவு மாற்றம்: திட்டமிட்ட வேலைதான், ஆனால் ஒத்திகை வேண்டும். குறைந்தது மூன்று. முதல் ஒத்திகையை மூன்றாம் மாதத்திலேயே, அரைகுறை அட்டவணைகளோடு நடத்துங்கள். நோக்கம் குப்பையைப் பார்ப்பது: ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு குறியீடு, எதிர்மறை இருப்பு, வெற்றுத் தேதிகள், நீக்கப்பட்ட பொருளைச் சுட்டும் பில்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் பதிவு எண்ணிக்கை, இறுதி இருப்பின் மதிப்பு, வாடிக்கையாளர் வாரியான நிலுவை ஆகிய மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறியுங்கள். மாறும் நாளில் 36 மணி நேரம்தான் கிடைக்கும் என்ற நிலையில் ஒத்திகை 50 மணி நேரம் ஓடினால் அது ஆறாம் மாதத்திலேயே தெரிந்தாக வேண்டும். பழைய ஆண்டுகளின் தரவை முன்கூட்டியே ஏற்றிவிட்டுக் கடைசி மாதத்தை மட்டும் அன்று மாற்றுவது போன்ற வழிகளுக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.

கணக்கு விதிகள்: இவை ஸ்பிரிண்டுக்கு உரியவை. இங்கே எஸ்ஆர்எஸ்ஸைவிடப் பழைய பில்களே நல்ல ஆவணம். மூன்று மாத பில்களை எடுத்துப் புதிய கணக்கு எஞ்சினில் ஓட்டி, விடை வேறுபடும் ஒவ்வொன்றையும் பட்டியலிடுங்கள். பெரும்பாலான வேறுபாடு ரவுண்டிங்கில் வரும். வரிக்கு வரி ரவுண்ட் செய்வதும் மொத்தத்தை ரவுண்ட் செய்வதும் ஒன்றல்ல: 0.334 மூன்று முறை வந்தால் முதல் வழியில் 0.99, இரண்டாவது வழியில் 1.00. பழைய சிஸ்டம் எதைச் செய்தது, இனி எது சரி என்பது வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு எழுத்தில் தர வேண்டிய முடிவு. டெவலப்பர் எடுக்கக் கூடாது.

திரைகள்: ஸ்பிரிண்ட். நாள் முழுக்கப் பயன்படும் நான்கைந்து திரைகளை முதலில் எடுங்கள், மாஸ்டர் திரைகளை (பொருள், வாடிக்கையாளர் போன்ற அடிப்படைப் பட்டியல்களுக்கானவை) அல்ல. எளிது என்பதற்காக மாஸ்டர் திரைகளில் தொடங்கும் அணிகள் நான்கு டெமோக்களை வீணடிக்கின்றன, அதில் வாடிக்கையாளருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. பில் போடும் திரையைக் காட்டினால், மவுஸைத் தொடாமல் 12 ஆண்டு தட்டிய விரல்கள் முதல் நாளே குறை சொல்லும்.

ரிப்போர்ட்கள்: கடைசியில். அதற்கு முன் பழைய சிஸ்டத்தின் லாக்கைப் பார்த்து யாரும் திறக்காதவற்றைக் கழித்துவிடுங்கள். குறைந்தது 13 மாத லாக் வேண்டும். ஆண்டுக்கு ஒரே முறை ஓடும் ஆண்டிறுதி ரிப்போர்ட்டைத் தவறிப்போய் வெட்டிவிடக் கூடாது.

ஒன்று விட்டுப்போனது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள், பில் சேமிக்க அதிகபட்சம் எத்தனை விநாடி, தரவு எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இணையம் போனால் பில் போட முடிய வேண்டுமா என்பவற்றை ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போட முடியாது. குறிப்பாக, இணையம் இல்லாமல் ஓட வேண்டும் என்பது ஏழாம் மாதம் தெரிந்தால் அடித்தளத்தையே தோண்ட வேண்டியிருக்கும். முதல் 4 வாரத்தில் ஆர்க்கிடெக்டின் வேலை இதுதான்.

---

ஒப்பந்தப்புள்ளி

விட்டுவைத்த இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் காலண்டர். 10 மாதம் என்றால் சுமார் 43 வாரம். முன்னால் 4 வாரம் எஸ்ஆர்எஸ்ஸுக்கும் கட்டமைப்புக்கும். பின்னால் 5 வாரம்: 3 வாரம் யுஏடி (பயனர் ஏற்புச் சோதனை), ஒரு வாரம் இறுதி ஒத்திகையும் உறைவும், ஒரு வாரம் மாறுவதற்கு. மிச்சம் 34 வாரம், 17 ஸ்பிரிண்ட். உங்களிடம் இருப்பது 10 மாதம் அல்ல, இந்த 17 தான். விடுமுறைகள் இன்னும் கழிக்கப்படவில்லை.

எஸ்ஆர்எஸ்ஸில் கையெழுத்து வாங்குவதில் தவறில்லை. எந்த நுணுக்கத்தில் எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். "பில்லில் பல தள்ளுபடிகள் சேர்ந்து வரலாம், முன்னுரிமை வரிசை மாற்றத்தக்கது, ஏற்புக்கு இந்த 12 மாதிரி பில்களின் விடை ஒத்துப்போக வேண்டும்" என்ற அளவில் எழுதுங்கள். "இடது மூலையில் நீலப் பொத்தான்" என்ற அளவில் எழுதினால் ஒவ்வொரு டெமோவும் ஒரு மாற்றக் கோரிக்கையாக முடியும். இரு தரப்பும் அந்தப் படிவங்களை நிரப்பியே களைத்துப் போவார்கள்.

அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னுரிமை: கட்டாயம், முக்கியம், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை. டிஎஸ்டிஎம் என்ற அஜைல் முறையில் கட்டாயம் என்பது மொத்த உழைப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள், இருந்தால் நல்லது 20 விழுக்காடு அளவில் இருக்க வேண்டும். நிலையான தேதிக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே மெத்தை அந்த 40 விழுக்காடு. வாடிக்கையாளர் 95 விழுக்காட்டையும் கட்டாயம் என்பார். அப்போது "இது இல்லாவிட்டால் முதல் நாளே கடையைத் திறக்க முடியாதா?" என்று வரி வரியாகக் கேட்க வேண்டும். வேறு கேள்வி இந்த வேலையைச் செய்யாது.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரிகள்:

- பரிமாற்றம்: இன்னும் தொடங்காத ஒரு வேலையை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புதியதை வைக்கலாம். கட்டணம் இல்லை. அடுத்த ஸ்பிரிண்ட் திட்டமிடலுக்கு முன் சொன்னால் போதும்.
- கூடுதல்: மொத்தத்தைப் பெருக்கும் எதுவும் தனி மாற்றக் கோரிக்கை, தனி விலை. தேதி நகராது என்பதால் 12-ஆம் ஸ்பிரிண்டுக்குப் பிறகு வருபவை கோ-லைவுக்குப் பிந்தைய பட்டியலுக்குப் போகும்.
- ஏற்பு: டெமோ முடிந்து 5 வேலைநாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.
- ஒற்றை ஆள்: முன்னுரிமையை மாற்றும் அதிகாரம் உள்ளவர் ஒருவர், பெயரோடு. "குழு" என்று எழுத விடாதீர்கள்.
- தவணை: எஸ்ஆர்எஸ் கையெழுத்தில் 15, ஏற்கப்பட்ட நான்கு செயல்தொகுதிகளுக்குத் தலா 15, யுஏடி முடிவில் 15, கோ-லைவுக்குப் பின் 60 நாள் கழித்து 10 விழுக்காடு. எண்களைப் பேசி மாற்றிக்கொள்ளலாம். தொகுதியோடு தவணையைக் கட்டுவதை மட்டும் மாற்றாதீர்கள்.

ஸ்டோரி பாயிண்டை (ஒரு வேலையின் அளவுக்கு அணி தரும் ஒப்பீட்டு எண்) ஒப்பந்தத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. பாயிண்டுக்குப் பணம் என்றால் 3 என்று மதிப்பிட்டது மறுநாள் 5 ஆகும், யாரையும் குறை சொல்ல முடியாது.

---

சோதனைச்சாலை

8 டெவலப்பருக்கு 2 டெஸ்டர் என்ற வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. ஹைப்ரிட் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: 10 வேலைநாள் ஸ்பிரிண்டில் எட்டாவது நாள் வரை கோடிங், ஒன்பதாவது நாள் 11 ஸ்டோரிகள் (தனித்தனியே முடிக்கக்கூடிய சிறு வேலைத் துண்டுகள்) மொத்தமாக டெஸ்டருக்கு, பத்தாவது நாள் டெமோ. டெஸ்ட் ஆகாதவை "கோடிங் முடிந்தது" என்ற பெயரில் அடுத்த ஸ்பிரிண்டுக்கு நழுவும். மூன்று ஸ்பிரிண்ட் கழித்து டெஸ்டர்கள் ஒரு ஸ்பிரிண்ட் பின்னால் ஓடுவார்கள். பக் திரும்பி வரும்போது டெவலப்பர் வேறு எதிலோ மூழ்கியிருப்பார். இரண்டு வார அளவில் வெட்டிய வாட்டர்ஃபால் இது. முழு வாட்டர்ஃபாலைவிட மோசம், ஏனென்றால் அதிலாவது டெஸ்டிங்குக்கு என்று தனியாக மாதம் ஒதுக்கியிருப்பார்கள்.

ரிக்ரஷன் (பழையது கெடவில்லையா என்று திரும்பச் சோதிப்பது) கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்பிரிண்டுக்கு 30 டெஸ்ட் கேஸ் சேர்கிறது என்றால் பத்தாவது ஸ்பிரிண்டில் 300. கையால் ஒன்றுக்கு 10 நிமிடம் என்றால் 50 மணி நேரம். 17-ஆவதில் 510, அதாவது 85 மணி நேரம். இரண்டு டெஸ்டருக்கும் சேர்த்து ஒரு ஸ்பிரிண்டில் உருப்படியாகக் கிடைப்பது 120 மணி நேரம். புதியதைச் சோதிக்க மிஞ்சுவது 35. இந்தச் சுமை முதல் ஆறு ஸ்பிரிண்டில் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் டெஸ்ட் ஆட்டோமேஷனை "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளுகிறார்கள்.

செய்ய வேண்டியவை:

ஒரு ஸ்டோரி 2 அல்லது 3 நாளுக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் உடைக்க வேண்டும். ஒரே நேரத்தில் கையில் இருப்பவை 5-ஐத் தாண்டக் கூடாது. 8 பேருக்கு 5 என்பது சிலரை எரிச்சல்படுத்தும். சும்மா இருப்பவர் புதியதைத் தொடங்குவதற்குப் பதில் பக்கத்தில் இருப்பதை முடிக்க உதவுவார், அல்லது ஆட்டோமேஷன் எழுதுவார். நோக்கமே அதுதான். ஏற்பு நிபந்தனைகளையும் டெஸ்ட் கேஸ்களையும் கோடிங் தொடங்கும் முன் டெஸ்டரும் டெவலப்பரும் சேர்ந்து எழுத வேண்டும். அரை மணி நேரம் போதும், பாதி பக் அங்கேயே செத்துவிடும்.

"முடிந்தது" என்பதன் வரையறையைச் சுவரில் ஒட்டுங்கள்: கோடு ரிவ்யூ ஆனது, யூனிட் டெஸ்ட் பில்டில் ஓடுகிறது, ஏபிஐ (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) அளவிலான ஆட்டோமேஷன் சேர்ந்தது, டெஸ்டர் ஏற்றார், தீவிரமான பக் ஏதும் திறந்தில்லை, எஸ்ஆர்எஸ் வரியின் எண் ஸ்டோரியில் குறிக்கப்பட்டது. இந்தக் கடைசியை விட்டால் யுஏடியில் "இந்தத் தேவை எங்கே?" என்ற கேள்விக்கு ஒரு வாரம் தேட வேண்டும். எந்தத் தேவை எங்கே செய்யப்பட்டது என்று காட்டும் ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸைத் தனி எக்செல்லாக வைத்துப் பராமரிப்பது இரண்டு மாதத்தில் நின்றுவிடும். டூலிலேயே எண்ணைக் கட்டாயப் புலமாக்கிவிடுங்கள்.

ஆட்டோமேஷனைத் திரை வழியாக எழுதாதீர்கள். திரைகள்தான் ஒவ்வொரு டெமோவிலும் மாறப்போகின்றன. கணக்கு விதிகளையும் ஏபிஐகளையும் முதலில் பிடியுங்கள். திரை வழியாக 10, 15 முக்கிய ஓட்டங்கள் போதும்.

---

அளவுகோல்

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை.

மரபுத் திட்டங்களில் பெரிய நோய் "90 விழுக்காடு முடிந்தது". டெவலப்பர் சொல்லும் விழுக்காட்டைக் கூட்டி அறிக்கை அனுப்பினால் ஆறு மாதம் 90-இலேயே நிற்கும். மருந்து எளிது: 0 அல்லது 100. சோதனைச்சாலை சொன்ன வரையறையைத் தாண்டியது 100, மற்றவை 0. இதை ஏற்றுக்கொண்டால் ஈட்டிய மதிப்புக் கணக்கு (திட்டமிட்டதோடு முடிந்ததை ஒப்பிடுவது) ஸ்பிரிண்டோடு நன்றாகவே பொருந்தும்.

உங்கள் 17 ஸ்பிரிண்டை வைத்தே பார்ப்போம். மொத்தம் 340 பாயிண்ட், ஸ்பிரிண்டுக்கு 20 என்று திட்டம். நான்கு ஸ்பிரிண்ட் முடிவில் 80 வந்திருக்க வேண்டும். வந்தது 12, 15, 18, 19, ஆக 64. எஸ்பிஐ, அதாவது முடிந்ததைத் திட்டமிட்டதால் வகுத்தது, 64 ÷ 80 = 0.8. மிச்சம் 276. சராசரி 16 என்று போனால் 17-க்கும் மேல் ஸ்பிரிண்ட் தேவை, கையில் இருப்பது 13. "வேகம் கூடிக்கொண்டுதானே வருகிறது" என்பார்கள். சரி, இதுவரை வந்ததில் சிறந்த 19-ஐயே 13 முறை எடுத்தாலும் 247. 29 பாயிண்ட் குறைகிறது. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்ல வேண்டிய நாள் 12-ஆம் வாரம். வாட்டர்ஃபாலில் இதே செய்தி டெஸ்டிங் தொடங்கும்போது வந்திருக்கும்.

இனி ஒப்பந்தப்புள்ளி சொன்ன 60 விழுக்காட்டை இதில் வையுங்கள். 340-இல் கட்டாயம் 204. முதல் நான்கு ஸ்பிரிண்டில் கட்டாயமானவற்றையே எடுத்திருந்தால் மிச்சம் 140. ஆக மோசமான வேகமான 12-இலேயே போனாலும் 12 ஸ்பிரிண்டில் முடியும், 13 இருக்கிறது. தேதியைக் காப்பாற்றுவது இந்த வரிசைதான். டெமோவில் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று "இருந்தால் நல்லது" வகையை முதலில் எடுத்திருந்தால் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது.

அறிக்கையில் ஒற்றை எண் தராதீர்கள். சிறந்தது, சராசரி, மோசமானது என மூன்று கோடு வரையுங்கள். வெலாசிட்டியை (ஒரு ஸ்பிரிண்டில் முடியும் பாயிண்ட்) இலக்காக்குவதும் இரண்டு அணிகளை அதை வைத்து ஒப்பிடுவதும் வேண்டாம். இன்னொன்று, ஸ்டோரி பாயிண்ட், வெலாசிட்டி இரண்டுமே ஸ்க்ரம் (ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் அஜைல் முறை) பற்றிய 2020 கையேட்டில் இல்லை. ஸ்பிரிண்டுக்கு எடுத்த வேலைகளைக் குறிக்க இருந்த "கமிட்மென்ட்" (வாக்குறுதி) என்ற சொல்லை 2011-லேயே "ஃபோர்காஸ்ட்" (முன்கணிப்பு) என்று மாற்றிவிட்டார்கள். மேலாளர்கள் பலருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

குறைகிற 29 பாயிண்டுக்கு ஆள் சேர்க்கலாம் என்ற யோசனை வரும். 8 பேருக்குள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 28, 12 பேர் என்றால் 66. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது பழைய எட்டுப் பேரின் நேரம்தான். தாமதமான புராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் எழுதியது மாறவில்லை. சேர்ப்பதென்றால் மூன்றாம் மாதத்துக்குள், அதுவும் டெஸ்டராக.

---

பலகணி

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. 13 பேரை ஒரே அணியாக வைக்கலாமா? வாடிக்கையாளர் தரப்பில் அதிகாரம் உள்ளவர் வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் தர மாட்டார் என்கிறார்கள். அப்போது என்ன செய்வது?

---

மூன்றாம்_சுற்று

இரண்டாகப் பிரியுங்கள், தலா 4 டெவலப்பர், ஒரு டெஸ்டர். அனலிஸ்டும் ஆர்க்கிடெக்டும் இரண்டுக்கும் பொது. 2020 ஸ்க்ரம் கையேடு சொல்வதும் பொதுவாக 10 பேருக்குள். கொள்முதல், இருப்பு ஒரு அணிக்கு. பில், வசூல் இன்னொன்றுக்கு. டேட்டாபேஸ் அணி, திரை அணி என்று அடுக்கு அடுக்காகப் பிரிக்காதீர்கள், ஒவ்வொரு ஸ்டோரியும் இரண்டு அணிகளுக்காகக் காத்திருக்கும். பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) ஒன்றே, ஸ்பிரிண்ட் தொடங்கும் நாளும் ஒன்றே. தரவு மாற்றத்துக்கு முதலிலிருந்தே ஒருவரைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். இரு அணிக்கும் பொது என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

---

கீழ்வரிசை

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். திரைகளை ஸ்பிரிண்டில் செய்ய மூன்றாம்_சுற்று சொன்ன காரணம் எனக்கும் சரியாகவே படுகிறது, ஆனால் அது பதில் சொல்ல ஆள் இருந்தால் மட்டும். வாரம் 2 மணி நேரத்தில் ஒன்று டெமோவுக்குப் போனால் கேள்விகளுக்கு ஒன்று மிஞ்சும். ஒரு கேள்விக்கு 5 நிமிடம் வைத்தாலும் 12 கேள்வி. இரண்டு அணிகள் வாரத்துக்கு அதைவிட அதிகமாகவே கேட்கும்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அவருக்குக் கீழே நாளுக்கு ஒரு மணி நேரம் தரக்கூடிய ஒருவருக்கு விலையையும் தேதியையும் தொடாத முடிவுகளை எடுக்க எழுத்தில் அதிகாரம் வாங்குங்கள். இரண்டு, ஊகப் பதிவேடு: கேள்வி கேட்ட நாள், அணியின் ஊகம், 2 வேலைநாளுக்குள் பதில் இல்லையென்றால் ஊகமே முடிவு. பிறகு மாற்றினால் மாற்றக் கோரிக்கை. இதை ஒப்பந்தத்தின் இணைப்பாக வையுங்கள், மின்னஞ்சலில் சொன்னது நிற்காது. மூன்று, இரண்டுக்குமே ஒப்புக்கொள்ளவில்லையென்றால் அந்தத் திரைகளுக்கு ஸ்பிரிண்டை விட்டுவிடுங்கள். வயர்ஃபிரேம் (திரையின் கோட்டு வரைவு) வரைந்து, புலம் புலமாகக் கையெழுத்து வாங்கி, பழைய முறையிலேயே கட்டுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் யார் எதற்குச் சம்மதித்தார் என்பது எழுத்தில் இருக்கும்.

---

சோதனைச்சாலை

கோ-லைவுக்குப் பிந்தைய 60 நாளைப் பற்றி ஒரு சேர்க்கை. அப்போது ஸ்பிரிண்ட் ஓட்டாதீர்கள். காலையில் வரும் பக்கை இரண்டு வாரத் திட்டத்துக்குள் வைக்க முடியாது. கான்பான் பலகைக்கு (வேலைகளை நிலை வாரியாகக் காட்டுவது) மாறி, கையில் இருப்பவற்றுக்கு வரம்பு வையுங்கள். லிட்டில் விதிப்படி (கையில் இருப்பதை நாளுக்கு முடிவதால் வகுத்தால் சராசரி நாள்) கையில் 12, நாளுக்கு 3 முடிகிறது என்றால் ஒன்று முடிய சராசரி 4 நாள். நெருக்கடியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கி 24 ஆக்கினால் 8 நாள். பில்லையே நிறுத்தும் பக்குக்கு மட்டும் வரம்புக்கு வெளியே தனிப் பாதை, அதில் எப்போதும் ஒன்றுதான்.